வாசகர் கேள்வி–பதில்: பழைய விறகு அடுப்பும் பழைய சிம்னியும்

இடுக்கி மலைப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். எல்லாமே விறகும் புகையும்தான். முதல் கேள்விக்கான பதில் நீளம். மற்றவற்றுக்கான விடையும் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

தேவிகுளம் வாசகர்: பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைத் தங்கும் வீடாக மாற்றுகிறோம். கூடத்தில் செங்கல் கணப்பும் அதன் சிம்னியும் அப்படியே நிற்கின்றன. சாமான் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த நாலு கால் வார்ப்பிரும்பு அடுப்பை ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து, கறுப்புப் பெயின்ட் அடித்து வாங்கிவிட்டோம். புகை வாய் 6 அங்குலம். தளம் பலகை. அடுப்பைக் கணப்புக்கு முன்னால் வைத்து, குழாயைக் கணப்பின் வாய்க்குள் விட்டால் போதும் என்கிறார் கொத்தனார். போதுமா?

போதாது. அப்படி விட்டால் முதல் வாரம் நன்றாகத்தான் எரியும். மூன்றாவது மாதம் கூடத்தில் தார் வாடை அடிக்கும். எப்போதோ ஒரு நாள் சிம்னிக்குள்ளேயே தீப்பிடிக்கும்.

திறந்த கணப்புக்கும் மூடிய அடுப்புக்கும் புகையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கணப்பு எரியும்போது கூடத்துக் காற்றையும் வாரி இழுத்துக்கொண்டு புகை மேலே போகும். அவ்வளவு காற்றுக்கும் இடம் வேண்டும் என்றுதான் சிம்னியை அகலமாகக் கட்டினார்கள். மூடிய அடுப்பில் புகை குறைவு, போகும் வேகமும் குறைவு. அதை அகலமான சிம்னியில் விட்டால் பரவி, சுவரில் பட்டுக் குளிர்ந்துபோகும். ஏறக்குறைய 120 டிகிரிக்குக் கீழே போனதும் புகையில் இருக்கும் ஆவியெல்லாம் தாராகச் சுவரில் படியும். முதலில் ஒட்டடை மாதிரி இருக்கும், பிறகு கீல் பூசியது போலக் கறுத்துப் பளபளக்கும். அந்தப் பளபளப்புத்தான் ஆபத்து. அது பற்றிக்கொண்டால் சூடு 1,000 டிகிரியைத் தாண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்து அதைத் தாங்காது.

ஆகவே முதல் வேலை, சிம்னியின் உள் அளவை எடுப்பது. கணப்பின் வாயில் அளந்து பயனில்லை. கூரைமேல் ஏறி, சிம்னியின் உச்சியில் உள்பக்கம் அளக்க வேண்டும். செங்கல் சிம்னி என்பதால் 9-க்கு 9, 9-க்கு 14, 14-க்கு 14 அங்குலம் என்று செங்கல் கணக்கில்தான் பெரும்பாலும் வரும். உங்கள் அடுப்பின் 6 அங்குல வட்ட வாயின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். சிம்னி வீட்டுக்குள்ளேயே எழும்பிப் போனால் அதைப்போல 3 மடங்கு வரை, அதாவது 84 சதுர அங்குலம் வரை பொறுக்கலாம். சிம்னியின் ஒரு பக்கம் வெளிச்சுவராக மழையிலும் பனியிலும் நின்றால் 2 மடங்குதான், 56. இப்போது கணக்குப் போடுங்கள். 9-க்கு 9 என்றால் 81. உள்சிம்னி என்றால் ஒட்டியும் ஒட்டாமலும் தேறும். 9-க்கு 14 என்றால் 126, தேறாது. 14-க்கு 14 என்றால் 196, ஏறக்குறைய 7 மடங்கு, பேச்சே இல்லை. இதில் உங்கள் ஊரின் உயரம் வேறு. தேவிகுளம் கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டர் மேலே இருப்பதால் காற்று லேசு. அதே சிம்னி கீழே ஆலப்புழையில் கொடுக்கும் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே குறைந்துவிடும்.

தேறாத சிம்னியை இடிக்க வேண்டாம். உள்ளே 6 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை உச்சியிலிருந்து அடுப்பு வரை இறக்க வேண்டும். 316 கிரேடு நல்லது, 304-ஐயும் போடுகிறார்கள். சிம்னி நேராக இருந்தால் பட்டறையில் உருட்டிய விறைப்பான குழாயை மூன்றடித் துண்டுகளாக ரிவெட் அடித்து மேலிருந்து இறக்கலாம். நடுவில் வளைவு இருந்தால் நெளியும் லைனர் (உள்குழாய்)தான் போகும். குழாய்க்கும் செங்கலுக்கும் நடுவே உள்ள இடத்தை வெர்மிகுலைட்டால் (சூடு தாங்கும் லேசான கனிமத் துகள்) நிரப்புங்கள். கொஞ்சம் சிமென்ட் சேர்த்து, தண்ணீர் தெளித்து, புட்டு மாவுப் பதத்தில் மேலிருந்து போட வேண்டும். குழைத்து ஊற்றினால் மாதக் கணக்கில் ஈரம் காயாது. அடியில் ஒரு 'டி' இணைப்பும் மூடியும் வைத்தால்தான் விழும் கரியை எடுக்க முடியும். கணப்பின் வாயை 16 கேஜ் தகட்டால் அடைத்து, ஓரத்தில் செராமிக் கயிறு வைத்து முடுக்குங்கள். அது அடைபடாமல் லைனர் மட்டும் போட்டால், லைனருக்கும் செங்கலுக்கும் நடுவில் கூடத்தின் சூடு முழுவதும் மேலே ஓடிவிடும்.

லைனர் வாங்குவதற்கு முன்பே சிம்னி உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றில் ஒரு பல்பையோ வீடியோ ஓடும் போனையோ கட்டி இறக்கினால் உள்சுவர் முழுக்கத் தெரியும். கைக்கு எட்டும் இடத்தில் செங்கல் இடுக்கை ஆணியால் கீறுங்கள். சாந்து மாவாகக் கொட்டினால் பூச்சு செத்துவிட்டது. அடுத்தது புகைச் சோதனை. கணப்பில் கொஞ்சம் ஈர இலையைப் புகையவிட்டு, உச்சியில் நனைத்த சாக்கைப் போட்டு மூடுங்கள். பிறகு மச்சுக்குப் போய் டார்ச்சுடன் சிம்னியைச் சுற்றி வாருங்கள். புகை கசியும் இடமெல்லாம் விரிசல். பக்கத்து அறையில் புகை வந்தால் அங்கே இருந்த இன்னொரு கணப்பு இதே சிம்னியில் சேர்கிறது என்று அர்த்தம். அதை நிரந்தரமாக அடைக்க வேண்டும். ஒரு புகைவழிக்கு ஒரு அடுப்புத்தான். மச்சில் இருக்கும்போதே மர உத்திரங்களையும் பாருங்கள். செங்கலுக்கும் மரத்துக்கும் 2 அங்குல இடைவெளி வேண்டும். பழைய பங்களாக்களில் உத்திரத்தின் முனையைச் சிம்னிக்குள்ளேயே செருகிவைத்திருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் தச்சரை அழைக்காமல் மேலே போகாதீர்கள்.

உச்சி, கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடி உயரமாவது வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் கூரை முகட்டையோ வேறு எதையுமோவிட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும். மேலே தொப்பியும், குருவி நுழையாத அரை அங்குலக் கம்பி வலையும். அதைவிடச் சின்னக் கண்ணாகப் போட்டால் கரி பிடித்து ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

இனி அடுப்பு. "சரிசெய்து பெயின்ட் அடித்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் கவலை. வண்டிப் பட்டறைகளில் வார்ப்பிரும்பு விரிசலைப் பட்டி வைத்து மூடி, மேலே எனாமல் அடித்துவிடுகிறார்கள். பார்க்க அழகு. முதல் தீயிலேயே பட்டி பொரிந்து விழுந்துவிடும். சந்தேகமான இடத்தை ஆணி முனையால் சுரண்டுங்கள். இரும்பு சாம்பல் நிறத்தில் மின்னும், பட்டி மாவாக வரும். உண்மையான விரிசல் என்றால் நிக்கல் ராடு வைத்து, முன்னும் பின்னும் மெதுவாகச் சூடாற்றி வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் போக வேண்டும். சாதாரண ராடு வைத்து ஒட்டினால் ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். பெயின்ட் 600 டிகிரி தாங்கும் வகைதானா என்றும் கேளுங்கள்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அடுப்புக்குள் ஒரு பல்பை எரியவிட்டுக் கதவை மூடுங்கள். மூட்டுகளில் ஒளிக்கோடு தெரிந்தால் அங்கே காற்று நுழையும். பழைய ஃபயர் சிமென்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். கதவுக்கு ஒரு தாளை நடுவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வர வேண்டும், வழுக்கி வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும். கதவுக் கயிறு பழையதாகவே இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். காய்ந்தபடி பிய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். புதிதாகச் செராமிக் கயிறு போடுங்கள். பாய்லர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். உள்ளே தீச்செங்கல் இல்லாவிட்டால் தீப்படும் மூன்று பக்கமும் வைக்க வேண்டும்.

பலகைத் தளம் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அடுப்பின் கால் 6 அங்குலத்துக்கு மேல் என்றால், பலகையின் மேல் 2 அங்குலக் கனத்துக்குச் செங்கலை நெருக்கி அடுக்கி, அதற்கு மேல் 24 கேஜ் தகடு. கால் 2 முதல் 6 அங்குலம் என்றால் 4 அங்குல ஓட்டைச் செங்கலை, ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வந்து காற்றோடும்படி படுக்கவைத்து, மேலே தகடு. அதற்கும் குறைவு என்றால் பலகைமேல் வைக்கவே கூடாது. இந்தத் தளம் அடுப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் 18 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். கதவைத் திறக்கும்போது தணல் முன்னால்தான் விழும். டைல்ஸ் ஒட்டினால் போதாதா என்று கேட்பார்கள். டைல்ஸ் பார்வைக்கு, செங்கல்தான் பாதுகாப்புக்கு. எடையையும் மறக்க வேண்டாம். அடியில் பலகையைத் தாங்கும் உத்திரத்தைக் கீழிருந்து பார்த்துவிட்டுத்தான் அடுப்பை ஏற்ற வேண்டும்.

பழைய அடுப்பில் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று தகடு எதுவும் ஒட்டியிருக்காது. ஆகவே மரச்சுவர், மரச்சாமான், திரைச்சீலை எல்லாம் 36 அங்குலம் தள்ளி. மரச்சுவருக்கு முன்னால் 1 அங்குலம் இடம்விட்டு, அடியும் மேலும் திறந்தபடி 24 கேஜ் தகடு நிறுத்தினால் 12 அங்குலம் வரை நெருக்கலாம். அந்த ஒரு அங்குலத்தில் ஓடும் காற்றுத்தான் காப்பாற்றுகிறது. தகட்டைச் சுவரோடு ஒட்டி ஆணி அடித்தால் தகடும் சுடும், சுவரும் சுடும். ஒற்றைத் தகட்டுப் புகைக்குழாய்க்கும் மரத்துக்கும் 18 அங்குலம். உங்கள் கணப்பின் மேல் தேக்குப் பலகை தட்டு இருந்தால் இந்த அளவை அதற்கும் பார்க்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்.

குழாய் மாட்டும்போது உங்கள் கொத்தனார் நிச்சயம் தலைகீழாக மாட்டுவார். பாவம், மழைத் தண்ணீருக்குக் குழாய் போட்ட கை. வெளியே தண்ணீர் வழிந்து இறங்க வேண்டும் என்று மேல் துண்டைக் கீழ்த் துண்டின் மேல் கவிழ்ப்பார். புகைக்குழாயில் வழிவது உள்ளே. மேல் துண்டின் சுருக்கிய முனை கீழ்த் துண்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும், அதாவது எல்லாச் சுருக்கிய முனையும் அடுப்பைப் பார்த்து. அப்போதுதான் வழியும் தார் திரும்ப அடுப்புக்குள் விழுந்து எரியும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு மூட்டிலும் காபி டிக்காக்ஷன் நிறத்தில் கோடு இறங்கும், எத்தனை முறை துடைத்தாலும் போகாது. மூட்டுக்கு 3 திருகாணி. படுக்கைவாட்டில் போகும் குழாய் அடிக்குக் கால் அங்குலம் ஏற வேண்டும். 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பெரிய தீ போட்டுவிடாதீர்கள். ஃபயர் சிமென்ட் ஒரு நாளாவது காயட்டும். பிறகு முதல் நாள் சுள்ளி மட்டும், அரை மணி நேரம். முழுக்க ஆறிய பின் இரண்டாவது கொஞ்சம் பெரிதாக. மூன்றாவதுதான் சரியான தீ. பெயின்ட் வெந்து புகை வரும், ஜன்னல்களைத் திறந்துவைத்துக் குழந்தைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். சுட்டுக்கொண்டிருக்கும் வார்ப்பிரும்பின் மேல் ஈரத் துணிகூடப் படக்கூடாது.

வண்டன்மேடு வாசகர்: ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கழற்றிப் போட்ட தகட்டுக் குழாய் நிறையக் கிடக்கிறது. வீட்டு அடுப்புக்கு அதையே போட்டு, கூரைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் பைப் வைக்கலாமா? ஆலுவா அடுப்புக்கு (புகைக்குழாய் வைத்த சமையல் அடுப்பு) எல்லாரும் அதைத்தானே வைக்கிறார்கள்?

தகடு கறுப்புத் தகடா ஜி.ஐ.யா என்று பாருங்கள். ஜி.ஐ. என்றால் அடுப்பை ஒட்டிய குழாய்க்கு வேண்டாம். அதன் மேல் பூசிய துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும். அதன் புகையை மூச்சில் இழுத்தால் குளிர்காய்ச்சல் கண்டது போல் நடுக்கம் வரும்; வெல்டிங் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த காய்ச்சல்தான். கறுப்புத் தகடு என்றால் 24 கேஜுக்குக் குறையக் கூடாது. இரு கையாலும் பிடித்து அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ உள்ளே துரு பொறுக்கு உதிர்ந்தாலோ பழைய இரும்புக்குப் போடுங்கள்.

ஆலுவா அடுப்பிலும், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் புகையில்லா அடுப்பான பரிஷத் அடுப்பிலும் தீயின் சூட்டைப் பானை வாங்கிக்கொள்கிறது. பைப்புக்குப் போவது மிச்சம்தான். அதிலேயே எத்தனை வீட்டில் பைப் விரிந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மூடிய வார்ப்பிரும்பு அடுப்பில் பைப்புக்குச் சூடு நேரே ஏறும். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் பைப் ஓசையோடு வெடித்துத் துண்டாக விழும். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு வேறு கேடு. வேண்டாம்.

வட்டவடை வாசகர்: கிராண்டிஸ் (யூகலிப்டஸ் வகை) விறகுதான் இங்கே கிடைக்கிறது. வெட்டி ஒரு மாதம் காயப்போட்டோம். எரிகிறது, ஆனால் சூடு இல்லை, கண்ணாடியும் கறுக்கிறது.

ஒரு மாதம் போதாது. அப்போதே வெட்டிய விறகில் எடையில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ போட்டால் 5 லிட்டர் தண்ணீரையும் காய்ச்சுகிறீர்கள், அடுப்பு சூடாக எங்கே மிச்சம்? 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். கிராண்டிஸ் காய்ந்த பிறகு கோடரிக்கு மசியாது. பச்சையாக இருக்கும்போதே 3, 4 அங்குலக் கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். பட்டையோடு உருட்டுக்கட்டையாகக் கிடந்தால் ஒரு வருடமானாலும் நடுவில் ஈரம் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் வெட்டிப் பிளந்து, தரையில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட்டால் மே மாதக் கடைசிக்குள் ஓரளவு தயாராகும். சுற்றிலும் தார்ப்பாய் போட்டுக் கட்டினால் பூஞ்சைதான் வரும்.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டை மோதிப் பாருங்கள். 'ணங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் காயவில்லை. ஈரம் பார்க்கும் மீட்டர் வைத்திருந்தால், துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். வெளியே குத்தினால் பொய் சொல்லும். பிடுங்கிய தேயிலைக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள், அது கெட்டி, நின்று எரியும். மிளாறு (சிறு குச்சிகள்) பற்றவைக்க நல்லது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை மட்டும் அடுப்பில் போட வேண்டாம். அது பிளைவுட், பசையும் உள்ளே ஒட்டிய உலோகத் தாளும் சேர்ந்து எரியும்.

பீர்மேடு வாசகர்: மற்ற மாதங்களில் பிரச்சினை இல்லை. ஜூன், ஜூலையில் பற்றவைத்ததும் புகை முழுக்கக் கூடத்துக்குள் திரும்புகிறது. பத்து நிமிடத்தில் தானே சரியாகிறது.

சிம்னிக்குள் குளிர்ந்த ஈரக் காற்று கனமாக அமர்ந்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போகும் அளவுக்குச் சூடு வருகிறவரை புகை உங்கள் பக்கம்தான் வரும். பற்றவைப்பதற்கு முன் ஒரு முழுத் தாள் செய்தித்தாளைச் சுருட்டி, புகைவழிக்கு நேர் கீழே தனியாக எரியுங்கள். நெருப்பு மேலே இழுபடும் ஓசை கேட்டதும் விறகைப் பற்றவையுங்கள். காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அது அறைக்காற்றை உறிஞ்சும். மழை அடிக்கும் பக்கத்து ஜன்னலை ஓர் அங்குலம் திறக்க வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். தொப்பி இல்லாமல் மழை நேரே இறங்குகிற சிம்னி என்றால், எந்த யோசனையும் அதைப் போட்ட பிறகுதான் பலிக்கும்.

மூணாறு வாசகர்: ஜனவரியில் செண்டுவரைப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி. ராத்திரி விறகை நிரப்பி, காற்று வாயையும் குழாய் டேம்பரையும் (புகைவழியை அடைக்கும் திருப்புத் தகடு) இறுக்கி மூடிவிட்டுப் படுக்கிறோம். காலைவரை தணல் நிற்கிறது. இதில் தப்பு உண்டா?

உண்டு, இரண்டு. மூச்சு முட்டி எரியும் விறகு கார்பன் மோனாக்ஸைடைக் கக்கும். நிறமில்லை, வாடையில்லை. தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்து, தூங்குகிறவர் எழாமலேயே போகலாம். டேம்பர் தகடு முழுக்க மூடினாலும் புகைவழியில் ஐந்தில் ஒரு பங்காவது திறந்திருக்கும்படி ஓட்டை வேண்டும். உங்களுடையதில் இல்லாவிட்டால் கழற்றித் துளை போடுங்கள். படுக்கும் அறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். காலைக்குத் தணல் வேண்டுமென்றால், விறகு எரிந்து தணலான பிறகு அதைக் குவித்துச் சாம்பலால் மூடுங்கள், பாட்டிமார் செய்ததுதான்.

இரண்டாவது தப்பு தார். இப்படி ஒரு சீசன் ஓட்டியிருந்தால் இன்றே சிம்னிக்குள் பாருங்கள். கரி 3 மில்லிமீட்டர் கனம் ஏறியிருந்தால் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். 6 மில்லிமீட்டர் என்றால் சுத்தம் செய்கிறவரை பற்றவைக்கவே கூடாது. சிம்னியில் ரயில் போவது போல இரைச்சல் கேட்டால் உள்ளே தீ. கதவையும் காற்று வாயையும் மூடி, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 101-ஐ அழையுங்கள். உச்சியிலிருந்து தண்ணீர் ஊற்றினால் செங்கல் வெடிக்கும். அணைந்த பிறகு, யாராவது உள்ளே முழுக்கப் பார்த்துச் சொல்லும் வரை அந்தச் சிம்னியைத் தொடாதீர்கள்.

சூரியநெல்லி வாசகர்: அடுப்புச் சாம்பலைத் தேயிலைச் செடிக்குப் போடலாமா?

வேண்டாம். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், சாம்பல் அதைக் காரமாக்கும். காய்கறிப் பாத்தியில் ஒரு கைப்பிடி தூவலாம். எங்கே போடுவதாக இருந்தாலும், மூடியுள்ள இரும்பு வாளியில், பலகைத் தளத்தில் வைக்காமல், நான்கு நாள் ஆறவிட்ட பிறகு. பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வராந்தாவில் வைத்தால், சாம்பலுக்கு அடியில் தணல் அவ்வளவு நாளும் உயிரோடு இருக்கும்.